செல்லச்சாமி கட்டிய ஆறாவது பெட்டி

சுஐபு பாயின் நாணயத்துக்குச் செல்லச்சாமி போட்ட விலை தொள்ளாயிரம் ரூபாய். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தார்ப்பாய் விரித்து விற்கிறவன் ஆயிரம் சொல்ல, நூறைக் குறைத்து, வண்டியில் ஏற்றிவைக்கவும் அவனையே வேலை வாங்கி, செல்லச்சாமி கொண்டுபோன நாலு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளின் விலை அது. அந்த நாலு பெட்டிகள் செய்த வேலையில் சுஐபு ஊரறியக் களவாணி ஆனார். மூன்று வருடமாகியும் அவர் மனைவி தாஜுன்னிசாவுக்கு அது ஆறவில்லை. அவள் ஆறவிடவும் இல்லை. அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். செல்லச்சாமி ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம் நெல் வயலும் மிளகாய்க் காடும் உள்ள ஆள். ஊர்க் கோயில் கமிட்டியின் தலைவர். புது வீடு கட்டியபோது கூடத்தில் பாட்டுக் கேட்க நல்ல செட்டு வேண்டுமென்று ராமநாதபுரம் கடைத்தெருவில் சுஐபு வைத்திருந்த ஸ்பீக்கர் கடைக்கு வந்தார். சுஐபு எடுத்தோம் கட்டினோம் என்று விற்கிறவர் இல்லை. கூடம் எத்தனை அடி, மேலே ஓடா தளமா, கேட்கப்போவது நாதஸ்வரமா குத்துப்பாட்டா என்றெல்லாம் விசாரித்து, பெட்டிக்கும் ஆம்ப்ளிபயருக்கும் ஜாதகம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார். அப்படியொரு ஜோடியைச் சேர்த்துக் கொடுத்து, "ரெண்டே பெட்டிதாண்ணே. இதுல மூணாவதைக் கட்டிறாதீக" என்று சொல்லியும் அனுப்பினார்.

செல்லச்சாமி தலையை ஆட்டினார். ஆனால் அவர் அறிந்த சத்தமெல்லாம் திருவிழாச் சத்தம். கோயில் பொங்கலுக்கு ரேடியோ செட்காரர் வந்தால் சந்நிதி வாசலில் ஒரு ஆம்ப்ளிபயரை வைப்பார். அங்கிருந்து கண்மாய்க் கரை வரைக்கும் ஒரே ஒயரில் குழாய் ஸ்பீக்கர்களாகக் கட்டிக்கொண்டே போவார். கடைசிக் குழாயும் முதல் குழாய் மாதிரியே கத்தும். அது வேறு ரகம். அங்கே ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மின்சாரத்தை அளந்து வாங்க ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் காவல் இருக்கும். வீட்டு செட்டில் அந்தக் காவல் கிடையாது. பெட்டி கூடக் கூட ஆம்ப்ளிபயர்தான் கூடுதலாக இறைத்துக் கொட்ட வேண்டும். ஒருவர் வயலுக்குப் போட்ட மோட்டாரை ஆறு பேர் வயலுக்குத் திருப்பிவிட்ட கதைதான்.

பால் காய்ச்சிய அன்று செல்லச்சாமி வாசலுக்கு ரெண்டு, மாடிக்கு ரெண்டு என்று தார்ப்பாய்க் கடைப் பெட்டிகளைக் கட்டினார். ஊருக்குக் கேட்காத பாட்டு என்ன பாட்டு? முதல் பந்தி எழுவதற்குள் ஆம்ப்ளிபயரிலிருந்து புகை வந்தது.

மறுநாள் கடைத்தெரு நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து வந்து, அதைக் கண்ணாடி மேசையில் 'ணங்'கென்று போட்டார்.

"என்ன பாய் இது, கரிக்கட்டையைத் தகரத்துல அடைச்சு வச்சிருக்க? கள்ளச் சரக்கு விக்கிற களவாணிப் பயலா நீயி?"

கமிட்டி வாட்ஸ்அப் குழுவிலும் அதே சொற்களைத் தன் குரலிலேயே பதிந்து போட்டுவிட்டார். சுஐபு உள்ளே திறந்து பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அவருக்கு வாய்ச்சண்டை வராது. "விடுங்கண்ணே" என்று புது ஆம்ப்ளிபயரைத் தூக்கிக் கொடுத்து அனுப்பினார். அதுதான் கெடுத்தது. குற்றம் இல்லாதவன் எதற்குப் புதுசு கொடுப்பான் என்று கடைத்தெரு பேசியது. அதற்குப் பிறகு பெட்டிக்கு ஜோடி தேடி ஒருவரும் சுஐபுவிடம் வரவில்லை. செல்போன் உறையும் சார்ஜரும் விற்றுக்கொண்டு, பாட்டே போடாமல் கடையில் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

தாஜுன்னிசா கீழக்கரைக்காரி. மிளகாய் மண்டி நடத்திய குடும்பம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள் நடுவே வளர்ந்தவள். எதிராளியின் முகத்தில் விலையைப் படிப்பாள், தன் முகத்தில் ஒரு பைசாவையும் காட்ட மாட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. எந்த வாய் களவாணி என்றதோ, அந்த வாயே, அதைக் கேட்ட காதுகளுக்கு முன்னால், இல்லை என்று சொல்ல வேண்டும். நஷ்டஈடு, மன்னிப்பு, மாலை மரியாதை எதுவும் வேண்டாம்.

அப்படியிருக்க, ஒரு நாள் காலையில் செல்லச்சாமி கடை வாசலில் வந்து நின்றார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சார்ஜர்களைப் புரட்டிப் பார்த்தார். உறைகளைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, செல்லுக்கு உறை பாக்குறீகளா, உங்க மொகத்துக்கு உறை பாக்குறீகளா?" என்றாள் தாஜுன்னிசா.

செல்லச்சாமி கண்ணாடியைக் கழற்றினார். "இல்ல தங்கச்சி... பாய் இருக்காகளா?"

மூன்று வருடத்தில் 'இருக்காகளா' என்று மரியாதை ஏறியிருந்தது. வேலை பெரிதாக இருக்க வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

வேலை பெரிதுதான். சிங்கப்பூரிலிருக்கும் மகன் காளீஸ்வரன் ஆளுயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர் அனுப்பியிருந்தான். வருகிற வெள்ளிக்கிழமை மகள் துர்காதேவிக்குப் பரிசம். சம்பந்தியாகப் போகிறவர் உச்சிப்புளி முத்துகிருஷ்ணன். பாட்டுப் பைத்தியம். ஸ்பீக்கர் வந்த சேதி கேட்டு, பெண் பார்க்க வந்ததைவிட ஆசையாக வரப்போகிறார். ஆனால் வீட்டிலிருக்கும் ஆம்ப்ளிபயரில் மாட்டினால் அந்தப் பெட்டிகள் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி முனகுகின்றன. கொஞ்சம் ஏற்றினால் ஆம்ப்ளிபயர் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. மதுரையில் ரெண்டு கடையில் கேட்டாயிற்று. ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் வேறு சொல்ல, கடைசியில் ரெண்டு பேருமே, "உங்க ராமநாதபுரத்துலயே சுஐபுன்னு ஒருத்தர் இருக்காரே" என்று சொல்லிவிட்டார்கள்.

சுஐபு செல்போனில் பெட்டியின் படத்தைப் பார்த்தார். மூன்று வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. "நாலு ஓம்! தடை கம்மி, கரண்டை அள்ளித் தின்னுற பெருந்தீனிக்காரப் பெட்டியாச்சே" என்றார், பிள்ளையைக் கொஞ்சுகிற குரலில்.

தாஜுன்னிசா அவர் சட்டையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"மச்சான், அந்த மூலையில கிடக்கே சின்ன ஆம்ப்பு, அதை மாட்டிவிட்டா என்னாகும்?"

"பத்தாதே புள்ள. சத்தம் பத்தலைன்னு அவரு கடைசி வரைக்கும் திருகுவாரு. அது முக்கி முக்கி, தாங்காம அலையைக் கத்தரிச்சுக் கத்தரிச்சு அனுப்பும். மேல இருக்குமே, கீச்சுச் சத்தம் போடுற சின்ன ஸ்பீக்கரு, அது கருகிரும்."

"சின்னது பெருசைக் கருக்குமா?"

"பெரிய ஆம்ப்பைவிட அதுதான் சீக்கிரம் கருக்கும்."

அவள் கண்ணில் போன வெளிச்சத்தைச் சுஐபு பார்த்துவிட்டார். "அடி பாவி, வேணாம். அந்தப் பெட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

தாஜுன்னிசா யோசித்தாள். அந்தப் பெட்டியின் பாவ புண்ணியம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் எரிந்த சாமான் செல்லச்சாமியின் கையில் இருந்தால் அது அவருக்குச் சாட்சி. மறுபடியும் கண்ணாடி மேசையில் வந்து விழும். மறுபடியும் களவாணி. எதிரிக்கே ஆதாரம் எழுதிக் கொடுக்கிற பழிவாங்கலை மண்டிக்காரன் மகள் செய்வாளா?

"எரியாத ஆம்ப்பு எது இருக்கு?"

"போன மாசம் எனக்குன்னு வரவழைச்சேனே, அது. அந்தப் பெட்டிக்கும் அதுதான் பொருத்தம். தீனியை அள்ளிப் போடும். அளவுக்கு மேல கட்டி ஏத்துனா, எரியாது. டக்குன்னு வாயை மூடிக்கிரும். சிவப்பு லைட்டு எரியும். கூடக் கட்டுனதைக் கழட்டுற வரைக்கும் வாயைத் திறக்காது."

"வாயைத் திறக்காது" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள் தாஜுன்னிசா. பிறகு கழுவி வைத்த தட்டு மாதிரி முகத்தை ஆக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

விலையில் ஒரு ரூபாய் இறங்கவில்லை. செல்லச்சாமி கெஞ்சினார், சிரித்தார், பாதித் தெரு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அவள் அசையவில்லை. பணத்தை எண்ணி வாங்கியபின், சுஐபு பழைய பாடத்தையே சொன்னார்: "ரெண்டே பெட்டிதாண்ணே. மூணாவதைக் கட்டிறாதீக."

"தெரியும் பாய், தெரியும்."

"அவுகளுக்குத் தெரியாதா மச்சான்?" என்ற தாஜுன்னிசா, கீழே குனிந்து ஒரு முழு ஒயர்ச் சுருளை எடுத்து ஆம்ப்ளிபயர்ப் பெட்டிக்கு மேல் வைத்தாள். "இது நம்ம அன்பளிப்புண்ணே. நீளமா இருக்கு. வீட்டுல எதுக்காச்சும் ஆகும்."

சுஐபு அவளைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கடையில் யாருக்கும் ஒரு ஸ்குரூ ஆணியைக்கூடச் சும்மா கொடுத்ததில்லை. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் செட்டைப் பூட்டிக் கொடுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். பூட்டி முடித்ததும், இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று செல்லச்சாமி கையைப் பிடித்துக்கொண்டார். தாஜுன்னிசாவும் அதைத்தான் எதிர்பார்த்து நல்ல சேலையாகக் கட்டி வந்திருந்தாள்.

வந்த இடத்தில் அவளுக்கே தெரியாத ஒரு லாபம் காத்திருந்தது. செல்லச்சாமி மேளக்காரர்களை வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். "பிள்ளை லட்சக்கணக்குல அனுப்பியிருக்கான், அந்தப் பெட்டியில நாதஸ்வரம் போட்டா போதாதா? எதுக்கு வெட்டியா ஒரு மேளம்?" என்று செலவை மிச்சம் பிடித்திருந்தார். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். மங்கல இசை இல்லாமல் தட்டு மாற்ற மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

சுஐபு நாதஸ்வரத்தைப் போட்டார். கூடத்தில் பேச்சு நின்றது. சீவாளியில் உதடு படுகிற ஈரம் வரைக்கும் கேட்டது. தவில்காரரின் வலது கை விரலுறை ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. முத்துகிருஷ்ணன் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். "சம்பந்தி, இது பெட்டியில்ல. ஆளு உள்ள உக்காந்திருக்கான்!" என்றார்.

செல்லச்சாமியின் நெஞ்சு ஒரு சாண் முன்னால் வந்தது. வாசல் பந்தலைப் பார்த்தார். அங்கே கமிட்டிக்காரர்கள் மொத்தப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு பெரிய நாதஸ்வரம் கூடத்தைத் தாண்டவில்லை. பிள்ளை அனுப்பிய பெட்டியின் பெருமை பந்தலுக்குப் போக வேண்டாமா?

அவர் மாடிப் பக்கம் போனதைத் தாஜுன்னிசா பார்த்தாள். கையில் ஒயர்ச் சுருளோடு இறங்கியதையும் பார்த்தாள். பின்னால் மைத்துனர் முத்தழகு, முன்பொரு நாள் ஆம்ப்ளிபயரைக் கரியாக்கிய அதே நாலு சின்னப் பெட்டிகளைச் சுமந்து வந்தார். சுஐபு எழுந்திருக்கப் போனார். அவள் அவர் மடியில் ஒரு காபி டம்ளரை வைத்தாள்.

"சூடா இருக்கு. ஆடாம குடிங்க."

செல்லச்சாமி ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் குனிந்து நாலையும் கட்டினார். பந்தலிலும் பாட்டுக் கேட்டது. கமிட்டிக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். இன்னும் கொஞ்சம் ஆட்டட்டும் என்று திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினார்.

டக்.

நாதஸ்வரம் பாதி மூச்சில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்துப் போட்டார். டக். மறுபடி அணைத்துப் போட்டார். டக். யாரோ ஒரு குழந்தை அந்த 'டக்'குக்குக் கைதட்டியது.

"என்ன சம்பந்தி," என்றார் முத்துகிருஷ்ணன், கண்ணைத் திறந்து, "ஆளு எந்திரிச்சுப் போயிட்டானா?"

"மணி பத்தேகால் ஆயிருச்சு" என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

செல்லச்சாமியின் முகம் சிவந்தது. கூடத்தையும் பந்தலையும் ஒருசேரப் பார்த்து, மூன்று வருடத்துக்கு முந்தைய அதே குரலை எடுத்தார். "நெனச்சேன். இந்தப் பாய்கிட்டப் போனேன் பாரு..."

"அண்ணே!" தாஜுன்னிசா எழுந்து நின்றாள். "மெசின் எரியல. கோவிச்சுக்கிட்டு இருக்கு. நீங்க பேசுனா அது பேசும்."

"என்ன தங்கச்சி விளையாடுற? பாய், வந்து சரிபண்ணுங்க."

"அவுக வரமாட்டாக. அவுக களவாணி. களவாணியை நம்பிச் சாமான்ல கைவைக்க விடலாமா?" அவள் சத்தமாகப் பேசவில்லை. பாட்டு நின்றுபோன கூடத்தில் சத்தம் தேவைப்படவுமில்லை. "நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. தானா சரியாயிரும். பின்னாடி மொத்தம் எத்தனை பெட்டி கட்டியிருக்கீக?"

செல்லச்சாமி சுவரைப் பார்த்தார்.

"அப்பா, மணியாகுது" என்றாள் அறை வாசலில் நின்ற துர்காதேவி.

"...ஆறு."

"நாங்க எத்தனை சொன்னோம்?"

"ரெண்டு."

"பால் காய்ச்சுன அன்னைக்கு எத்தனை கட்டுனீக?"

பந்தலிலிருந்து கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஜன்னலுக்கு வந்திருந்தார்கள். அன்றைக்கு வாட்ஸ்அப்பில் கேட்ட காதுகள் எல்லாம் ஜன்னல் கம்பியில் வரிசையாக இருந்தன. அவர்களில் ஒருவர், "அன்னைக்கும் ஆறுதானப்பா? நாந்தான மாடியில ரெண்டைத் தூக்கி மாட்டுனேன்" என்று உதவி செய்தார்.

"அவரைக் கேக்கல. நீங்க சொல்லுங்கண்ணே."

"ஆறு" என்றார் செல்லச்சாமி. அவர் நெற்றியில் இட்டிருந்த சந்தனம் வேர்வையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப அது கரிக்கட்டையானது யாரு கையால?"

"என் கையாலதான்."

"குடுத்தது கள்ளச் சரக்கா?"

"இல்லத்தா. நல்ல சரக்குத்தான். போதுமா?"

முத்துகிருஷ்ணன் இதையெல்லாம் பாட்டை விடவும் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தாஜுன்னிசா ஒரு மூச்சு எடுத்தாள். இனி ஒன்றுதான். மூன்று வருடம் அவள் காய்ச்சியதெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

"அப்ப எம்புருசன் யாரு? அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னீகளே, அதை எடுத்து, அவரு அது இல்லைன்னு சொல்லுங்க."

செல்லச்சாமி தொண்டையைச் செருமினார். துண்டால் நெற்றியைத் துடைத்தார், சந்தனமும் கூடவே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அந்த மனிதர் நிலைகுலைந்து நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரையும் போலச் சுஐபுவும் பார்த்தார். அங்கேதான் கெட்டது. சுஐபுவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். யாரும் கவனிக்கும் முன் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் கையை விட்டு நாலு பெட்டியின் ஒயரையும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, அணைத்துப் போட்டார்.

"சுஐபு பாயி..." என்று செல்லச்சாமி வாயைத் திறந்ததும் நாதஸ்வரமும் திறந்ததும் ஒன்றாக நடந்தன. முழுக்கத் திருகி வைத்த திருகு அப்படியே இருந்தது. பொருத்தம் பார்த்துச் சேர்த்த ஜோடி, ஒரு பிசிறு இல்லாமல் கூடத்தையே தூக்கியது. தவில் விழுந்த வேகத்தில் ஜன்னல் கம்பியில் இருந்த காதுகள் பின்வாங்கின. செல்லச்சாமியின் உதடுகள் அசைந்தன. கையைக்கூட ஆட்டிச் சொன்னார். என்ன சொன்னார் என்று அவருக்கே கேட்டிருக்காது. "தட்டை எடுங்க, தட்டை எடுங்க!" என்று ஆட்கள் ஓடினார்கள். ராகுகாலத்துக்கு ரெண்டு நிமிடம் முன்னால் தட்டு மாறியது. குலவைச் சத்தமும் சேர்ந்துகொண்டது.

தாஜுன்னிசா நின்ற இடத்திலேயே நின்றாள். பந்தியில் சுஐபுவுக்கு முதல் இலை போட்டார்கள். கமிட்டிக்காரர்கள் ரெண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் வீட்டுப் பெட்டிக்கு எந்த ஆம்ப்ளிபயர் பொருந்தும் என்று கேட்டார்கள். முத்துகிருஷ்ணன் தன் வீட்டுக்கு வந்து கூடத்தை அளந்து பார்க்க நாளே குறித்துவிட்டார். சுஐபு சந்தோஷத்தில் பாயசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சுஐபுதான் மெல்ல ஆரம்பித்தார்.

"அதான் எல்லாம் சொல்லிட்டாரே தாஜு. இன்னும் என்ன உர்ருன்னு வாரே?"

"எல்லாமா?" அவள் அவர் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். "அன்னைக்கு அந்த ஆளு சொன்னது மூணு. கரிக்கட்டைன்னாரு. அது அவரு கையாலன்னு இன்னைக்கு அவரு வாயாலயே வந்துருச்சு, வரவு. கள்ளச் சரக்குன்னாரு. நல்ல சரக்குன்னு வந்துருச்சு, வரவு. களவாணின்னாரு." மூன்றாவது விரல் நீண்டபடியே நின்றது. "அது எங்க?"

"சொன்னாரு புள்ள. வாய் அசைஞ்சுச்சு, நான் பாத்தேன்."

"வாய் அசைஞ்சதையெல்லாம் வரவுல வைக்க முடியாது மச்சான். காதுல விழணும்."

"சரி, அது பாக்கின்னு வச்சுக்க."

"வச்சுக்கிறேன். ரெண்டு வந்துருச்சு, ஒண்ணு பாக்கி." விரலை மடக்காமலே அதை அவர் மார்பில் ஊன்றினாள். "அது அந்த ஆளு பேர்ல இல்ல. ஒயரை உருவுன உங்க பேர்ல."